அறப்பணி நிகழ்ச்சிக்கு இனிப்பு கொண்டுபோகிறீர்களா? சிறிய மிட்டாய்ப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு மிட்டாய்ப் பட்டறை போட்டாலே போதும், மாதம் இரண்டு அழைப்பாவது வந்துவிடும். பள்ளிக்கூட ஆண்டுவிழா, கண் சிகிச்சை முகாம், கோயில் அன்னதானம், கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகை, ரத்ததான முகாம், குழந்தைகள் இல்லத்துக்கு நிதி திரட்டல் என்று ஏதாவது ஒன்று. நானும் இன்னும் ஐந்து பேரும் கடலை மிட்டாய், எள்ளு மிட்டாய், பொரி உருண்டை, மாலாடு செய்து விற்கிறோம். ஆரம்பத்தில் யார் கேட்டாலும் சரி என்பேன். அன்றைக்குப் பட்டறையில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதை அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு அனுப்பிவிடுவேன். அது தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் அந்த இரண்டு வருஷத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுப்பதற்கென்று தனியாக அடுப்பு மூட்டுங்கள். விற்று மிஞ்சியதை அறத்துக்கு ஒதுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்குபவருக்குப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார். இல்லத்துப் பிள்ளை சொல்லாது, கொடுத்ததைத் தின்னும். அதனால்தான் அந்தப் பிள்ளைக்குப் போகும் மிட்டாயில் நாம் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் படி: என்ன மாதிரி நிகழ்ச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

"அறப்பணி நிகழ்ச்சி" என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே நாலு விதம் இருக்கிறது. நேராகக் கொடுப்பது ஒன்று: இல்லம், மருத்துவமனை, வெள்ள நிவாரணம். கடை போட்டு விற்று, வருவதில் ஒரு பங்கைக் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஏலம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி, கோழி, பலகாரம் எல்லாம் காணிக்கையாக வரும், ஏலத்தில் போகும். ஓர் எலுமிச்சம்பழம் கூட நூற்றுக்கணக்கில் விலை போகிற இடம் அது. நாலாவது, முகாமுக்கோ ஓட்டப் பந்தயத்துக்கோ பைக்குள் போட்டுக் கொடுக்க மிட்டாய் கேட்பார்கள்.

நாலுக்கும் கணக்கு வேறு. நேராகக் கொடுப்பதில் உங்கள் செலவு முன்கூட்டியே தெரியும். கடை போட்டால் எவ்வளவு போகும் என்று தெரியாது. ஏலத்துக்கு ஒரு பெட்டி போதும், ஆனால் அது பார்க்க அழகாக இருக்க வேண்டும். பைக்குள் போடக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்; புதிதாகத் தொழில் செய்பவர்கள் அதை முதல் வருஷம் ஏற்காமல் இருப்பது நல்லது.

மொய் விருந்து என்று ஒன்று நம் ஊரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பழக்கம். கஷ்டத்தில் இருப்பவர் விருந்து வைப்பார், சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் இதே முறையில் விருந்து வைத்து, வந்த பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு விலை கிடையாது, மனசுக்குத் தோன்றியதை இலைக்கு அடியில் வைக்கலாம். மிட்டாய்க்கும் இது பொருந்தும். தட்டில் மிட்டாயை வைத்து, பக்கத்தில் உண்டியலை வைத்து, "எடுத்துக்கொள்ளுங்கள், இயன்றதைப் போடுங்கள்" என்று எழுதிப் பாருங்கள். தெரிந்த முகங்கள் கூடுகிற இடத்தில் விலை போட்டு விற்பதைவிட இதில் கூடுதலாக வரும். முன்பின் தெரியாதவர்கள் வந்து போகிற இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: கேட்பவர் யார் என்று விசாரியுங்கள்

விசாரிக்கக் கூச்சப்படாதீர்கள். நேர்மையாக நடத்துபவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அறக்கட்டளையா, சங்கமா, பதிவு எண் என்ன, வங்கிக் கணக்கு அமைப்பின் பேரில் இருக்கிறதா, தனியாள் பேரில் இருக்கிறதா என்று கேளுங்கள். அமைப்பின் தாளில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்க வேண்டும். பதிவில்லாத இல்லத்துக்குக் கொடுப்பதில் நல்லது நடக்கிறதா, கெடுதல் நடக்கிறதா என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

இந்த இடத்திலேயே போட்டோ விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் மிட்டாயைக் கொடுத்து, படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது எல்லோரும் செய்கிற காரியமாக ஆகிவிட்டது. அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள். பதிமூன்று வயசுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தான் இல்லத்தில் இருப்பதை யாருக்கும் சொல்லாமல் இருக்கலாம். உங்கள் ஸ்டேட்டஸ் அவள் வகுப்புத் தோழியின் அம்மா கைபேசியில் இருக்கும். படம் வேண்டுமென்றால் மிட்டாய்ப் பெட்டியை எடுங்கள், அடுப்பை எடுங்கள், உங்கள் ஆட்களை எடுங்கள். பிள்ளைகளை எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: எந்த நாள், யாருக்கு, எந்த இனிப்பு

பட்டறை ஆரம்பித்த புதிதில் தீபாவளிக்கு இனிப்புக் கொடுக்கலாமா என்று ஓர் இல்லத்து வார்டனிடம் போனில் கேட்டேன். என்னைவிட வயதில் சிறியவள். "அக்கா, தீபாவளி அன்னைக்கு மட்டும் போன வருஷம் எங்களுக்குப் பதினோரு இடத்துல இருந்து இனிப்பு வந்துச்சு. மறுநாள் பாதிப் பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்ல. கார்த்திகையில ஒரு சாதாரண நாள் பாத்துக் கொண்டாங்கக்கா. அப்ப ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து தீபாவளி, பொங்கல், சுதந்திர தினம் மூன்றையும் விட்டுவிட்டேன். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை போகிறோம். பிள்ளைகள் அந்தச் சனிக்கிழமையை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாயைப் போல ஒன்று கிடையாது. கடலையில் புரதமும் கொழுப்பும் இருக்கிறது, வயிறு தாங்கும், ஐஸ்பெட்டி வேண்டாம். கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைகிற கடலைக்கு ருசியும் உண்டு. ஆனால் ஐந்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். அங்கன்வாடி வயசுப் பிள்ளைகளுக்கு மாலாடுதான் சரி, பொட்டுக்கடலையைப் பொடித்துப் பிடிப்பதால் வாயில் கரையும். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் ஊரில் அரிது என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் மூச்சு முட்டும்.

முதியோர் இல்லத்துக்குக் கடலை மிட்டாய் கொண்டுபோனது நான் செய்த பெரிய தவறு. அங்கே முக்கால்வாசிப் பேருக்குப் பல் இல்லை. ஒரு பாட்டி அதை வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதென்று. அங்கே மாலாடு, ரவா லட்டு, வாயில் நசுங்குகிற எள்ளுருண்டை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களுக்கு நன்றாக வெந்த சுண்டலைத் தனியாகக் கொண்டுபோங்கள். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

பால்கோவா, பால் சேர்ந்த பேடா மாதிரியானவற்றை வெளியூர் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோக வேண்டாம். சித்திரை வெயிலில் வண்டிக்குள் நாலு மணி நேரம் இருந்தால் கெட்டுப்போகலாம்.

பள்ளி விழாக்களில் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய் கேட்பார்கள். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் அதில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. அனுமதித்த செயற்கை நிறங்களுக்கே கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. சின்னப் பட்டறையில் அதை அளந்து போடும் தராசு நம்மிடம் இல்லை. ஆகவே நிறமே வேண்டாம். வெல்லத்தின் நிறம் போதும்.

நாலாம் படி: அடக்க விலையை எழுதிப் பாருங்கள்

இதைச் செய்யாமல்தான் நல்ல மனசுக்காரர்கள் பலர் ஒரே வருஷத்தில் களைத்துப் போகிறார்கள். கடலை, வெல்லம் விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் கீழே உள்ள விலையை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ கடலை மிட்டாய்க்கு நான் 700 கிராம் நிலக்கடலைப் பருப்பு எடுக்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிச் சொத்தை பொறுக்கினால் 640 கிராம் நிற்கும். வெல்லம் 400 கிராம். மண் வடிகட்டி, தண்ணீர் சுண்டியபின் 360 கிராம் சேரும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 91 ரூபாய். வெல்லம் கிலோ 60 என்றால் 24. கேஸுக்கு 10, கூலிக்கு 25, பொட்டலத்துக்கு 12. ஆக ஒரு கிலோ 162 ரூபாய். உங்கள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காமல் விட்டால் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு துண்டு 20 கிராம் என்றால் கிலோவுக்கு 50 துண்டு. 300 பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 600 துண்டு, 12 கிலோ. ஒரு கிலோ கூடுதலாக வையுங்கள், சமையல்காரர், காவலாளி, வந்திருக்கும் ஆசிரியர் எல்லோருக்கும் வேண்டும். 13 கிலோவுக்கு 2,106 ரூபாய். இதை மாதாமாதம் உங்களால் தாங்க முடியுமா என்று இப்போது கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினால், காத்திருக்கிற பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம்.

கடை போட்டு விற்பதானால், 100 கிராம் பொட்டலம் 30 ரூபாய்க்கு 200 விற்றது என்று வையுங்கள். 6,000 வரும். 20 கிலோவுக்கு அடக்கம் 3,240. பொட்டலத்துக்கு 10 ரூபாய் வீதம் இல்லத்துக்கு 2,000. மீதி 760, ஆட்டோவுக்கும் அன்றைக்கு நிற்கிற இரண்டு பேர் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். இதில் உங்களுக்கு லாபமில்லை, நஷ்டமும் இல்லை. பலகையிலும் அப்படியே எழுதுங்கள்: "ஒரு பொட்டலம் 30 ரூபாய். இதில் 10 ரூபாய் இல்லத்துக்கு." வெறுமனே "லாபத்தில் ஒரு பகுதி" என்று எழுதாதீர்கள். எந்தப் பகுதி, எவ்வளவு லாபம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாமல் வைப்பது அவரை ஏமாற்றுவதில்தான் சேரும்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

இலவசமாகக் கொடுக்கிறோம், இதற்கு என்ன அனுமதி என்று நினைக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு விற்பதும் கொடுப்பதும் ஒன்றுதான். வீட்டில் செய்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். ஃபோஸ்கோஸ் என்ற இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்வார்கள். நான் பதிவு செய்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சின்னப் பதிவே போதுமாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் வரம்பையும் கட்டணத்தையும் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நிகழ்ச்சி அன்றைக்குச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கடையில் மாட்டி வையுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டு முத்திரையைப் போட வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பேரைப் பதிவு செய்திருக்க வேண்டும். வேறு ஊரில் செய்கிறவர்கள் அந்தப் பேரைப் போடவே கூடாது. அறப்பணிக்குத்தானே என்று யாரும் இதில் சலுகை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: அடுப்பு மூட்டும் நாள்

முந்தின நாளே பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பிக் கையால் பொறுக்குங்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. கடலையில் வரும் பூஞ்சை நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். ஒரு சொத்தைக் கடலை வாயில் பட்டாலே கசப்புத் தெரியும், பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். பருப்புக் கடைக்காரர் "அறத்துக்குத்தானே, ரெண்டாம் தரம் போதும்" என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியபின் பாகு வைக்கிறோம். பதம் தண்ணீரில் பார்க்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் இளகி ஒன்றோடொன்று ஒட்டும், அதிகம் போனால் கசக்கும். எங்கள் மாஸ்டர் அண்ணாச்சி கரண்டியைத் தூக்கி நூல் விழுவதைப் பார்த்தே சொல்லிவிடுவார். புதியவர்கள் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் பாகு இன்னும் கொஞ்சம் முறுக வேண்டும், வெல்லம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும்.

பலகையில் தேய்த்து வெட்டியதும் நன்றாக ஆறவிட்டுப் பொட்டலம் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்து இரண்டு நாளில் பிசுபிசுக்கும். அவசரம் என்று ஆற விடாமல் கட்டியதில் ஒருமுறை எட்டுக் கிலோவை எடுத்து வைத்துவிட்டு மறுபடி செய்தோம்.

கையில் வெட்டுக்காயம், சளி, வயிற்றுப்போக்கு இருப்பவர்களுக்கு அன்றைக்கு விடுமுறை கொடுங்கள், கூலியோடு. கூலியில்லாமல் விடுமுறை என்றால் யாரும் உடம்பு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

முறுக்கு, சேவும் செய்கிறவர்கள் அதற்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். பலமுறை காய்ச்சிய எண்ணெயைத் தூக்கிப் போட வேண்டிய அளவு சட்டத்திலேயே இருக்கிறது, திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் பொலார் கூறு 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கறுத்து, நுரைத்து, காரல் வாடை வந்துவிட்டால் கருவி இல்லாமலே தெரியும்.

ஏழாம் படி: பொட்டலம்

பண்டத்தின் பேர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, செய்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும், உங்கள் முகவரி, பதிவு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, "நிலக்கடலை சேர்ந்தது" என்ற எச்சரிக்கை. நேராகக் கொடுப்பதானால் "விற்பனைக்கு அல்ல" என்றும் போடுங்கள். கொடுத்த மிட்டாய் பின்னால் ஒரு கடையில் தொங்கியதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. யாரையும் குற்றம் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் அந்த இரண்டு சொல் அச்சிட ஆகும் செலவு ஒன்றுமில்லை.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மையில் இருப்பது வயிற்றுக்குள் போகும், விதிகளிலும் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகள் தடையில் இருக்கின்றன. கடை போடும்போது கைப்பிடிப் பைக்குப் பதில் மஞ்சப்பை வையுங்கள். பையில் இல்லத்தின் பேரை அச்சடித்துப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் அந்தப் பை வருஷம் முழுக்கச் சந்தைக்குப் போய்வரும்.

எட்டாம் படி: கடை போடும் நாள்

நிழல் விழுகிற பக்கம் கேளுங்கள், முன்வாசலாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஈ மொய்க்காமல் மூடி போட்ட பாத்திரம், இடுக்கி, கைகழுவத் தண்ணீர், சில்லறை. பத்து ரூபாய் நோட்டும் நாணயமும் 500 ரூபாய்க்காவது இருக்கட்டும். காசு வாங்குகிறவர் மிட்டாயைத் தொடக் கூடாது, மிட்டாய் எடுக்கிறவர் காசைத் தொடக் கூடாது. ஆகவே இரண்டு பேர் கட்டாயம்.

கியூஆர் அட்டை விஷயத்தில் உறுதியாக இருங்கள். முழுத் தொகையும் அமைப்புக்குப் போவதானால் அவர்கள் கணக்கின் அட்டையையே மாட்டுங்கள், உங்கள் ஜிபே எண்ணை மாட்டாதீர்கள். பங்கு மட்டும் கொடுப்பதானால் உங்கள் அட்டை இருக்கலாம். பலகையில் அதையும் எழுதுங்கள். முடியும் நேரத்தில் அமைப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு அவர் முன்னால் எண்ணி, ஒரு தாளில் தொகையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரர், சபைக்காரர் என்றாலும் இதை விடாதீர்கள். சந்தேகம் வந்தபின் கையெழுத்துக் கேட்டால் உறவு கெடும், வருவதற்கு முன்னால் கேட்டால் அது வெறும் வழக்கம்.

ஒன்பதாம் படி: வெள்ளம், புயல் வந்தால்

2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்குச் சாலையே இல்லை. அந்த நேரத்தில் அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தாலும் சமைக்க அடுப்பு கிடையாது, விறகு நனைந்து கிடக்கிறது. கடலை மிட்டாயைப் பிரித்தால் தின்னலாம். அப்போதுதான் எங்கள் தொழிலின் அருமை எனக்கே தெரிந்தது.

அந்த மாதிரி நாளுக்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். நேரே வண்டியைக் கிளப்பிக்கொண்டு தண்ணீருக்குள் போக வேண்டாம். ஆட்சியர் அலுவலகமோ தாசில்தாரோ சொல்லும் சேகரிப்பு இடத்தில் ஒப்படையுங்கள், எந்த ஊருக்கு எது போகவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் போடாதீர்கள், நனைந்தால் கிழியும். மூடி உள்ள தகர டின்னிலோ தடித்த பையில் இரட்டைக் கட்டாகவோ போடுங்கள். டின்னுக்கு மேலே எத்தனை பொட்டலம், எதற்குள் தின்ன வேண்டும் என்று பெரிய எழுத்தில். தண்ணீர் பாட்டிலும் கூட அனுப்புங்கள். இனிப்பு தின்றால் தாகம் எடுக்கும், அங்கே நல்ல தண்ணீர் இருக்காது. உங்கள் ஆட்களின் வீடு மூழ்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்களில் ஒரு தங்கச்சியின் பிறந்த வீடு ஏரல் பக்கம். அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் நான் பலகையில் நின்றேன்.

பத்தாம் படி: மிச்சமும் கணக்கும்

கடை முடிந்து மிஞ்சியதைப் பக்கத்து இல்லத்தில் கொடுக்கலாம். மேலே சொன்னதற்கு இது முரணில்லை. இது புதிதாகச் செய்த பண்டம், கூட்டம் குறைந்ததால் நின்றது. மிஞ்சிய உணவைக் கொடுப்பதற்கென்றே 2019-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிமுறை கொண்டுவந்தது. சாரம் எளிது: தேதி தாண்டியதைக் கொடுக்கக் கூடாது, லேபிளைக் கிழிக்கக் கூடாது, என்ன பண்டம், எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதி வைக்க வேண்டும். பிரித்த பொட்டலம், ருசி பார்க்க வெட்டிவைத்த துண்டுகள் எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

பணத்தை மூன்று நாளுக்குள் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வரிச் சலுகை பற்றிப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். 80ஜி என்று சொல்லப்படும் சலுகை பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. மிட்டாயாகக் கொடுத்தால் கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, வங்கி வழியாகப் போக வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: இலவசமாகக் கொடுத்த பண்டத்துக்கு வாங்கிய சரக்கின் மேல் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. அந்த அளவைத் தனியாக எழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம். தேதி, இடம், எத்தனை கிலோ, அடக்கம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எது முதலில் தீர்ந்தது, எது நின்றது, யார் என்ன சொன்னார்கள். என் நோட்டில் போன கார்த்திகைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மாலாடு 4 கிலோ, பத்தவில்லை. எள்ளு மிட்டாய் 2 கிலோ மிச்சம், சின்னப் பிள்ளைகள் கசக்கிறது என்கிறார்கள். காவலாளித் தாத்தாவுக்குப் பல் இல்லை, அடுத்த முறை அவருக்கு மாலாடு எடுத்து வைக்க வேண்டும்."